அம்மா வெட்டிய அரைவட்டம்

அன்பு மகள் வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இழுத்துப் போர்த்திக்கொண்டு நல்லபடியாக இருப்பாய் என்று நம்பித்தான் இதைத் தொடங்குகிறேன். என் காலில் புண் முழுக்க ஆறிவிட்டது, டாக்டரம்மா இனிமேல் அடிக்கடி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அவருக்கும் என் முகம் சலித்திருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் படியேறும்போது எட்டிப் பார்க்கிறது, மற்றபடி பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலைக்குத் தினமும் போய் வருகிறாள், போகும்போது என்னை மிரட்டிவிட்டுப் போகிறாள், வரும்போது மிரட்டிக்கொண்டே வருகிறாள், ஆகவே வீட்டில் எல்லாம் வழக்கம்போல. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். அன்றைக்கு நீ போனில் "என்னம்மா ஆச்சு, மேஜைய வெட்டியாச்சா" என்று கேட்டதற்கு உன் அம்மா "வெட்டியாச்சு, நல்லாத்தான் வந்துச்சு, நீ சாப்டியா" என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு, பால் வாங்கி வந்ததைப் போல இவள் சொன்னால் எப்படி. நான் குறுக்கே வாயைத் திறந்தால் "சும்மா இருங்க, பிள்ளைக்கு நேரமாகுது" என்பாள். அதனால் அவள் வேலைக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து எழுதுகிறேன், இதை நான் எழுதினேன் என்று அவளிடம் காட்டிக்கொள்ளாதே.

முதலில் இருந்து சொன்னால்தான் அவள் செய்ததன் கனம் உனக்குத் தெரியும். நான் ஆஸ்பத்திரியில் காலைக் கொடுத்துவிட்டுப் படுத்திருந்தபோது உன் அம்மா எனக்குத் தெரியாமல் தச்சரைக் கூப்பிட்டு என் வெட்டு மேஜையின் கால்களை அறுத்துக் குட்டையாக்கிவிட்டாள். சக்கர நாற்காலியில் வீட்டுக்குள் வந்த அன்றைக்கு முன்னறையில் அந்த மேஜை மண்டியிட்ட மாதிரி நின்றதைப் பார்த்தேன், அப்போது எனக்கு வந்த கோபம் என் கால் போனபோதுகூட வரவில்லை. நான் கடை போட்ட புதிதில் அந்த அறைக்குள் வைத்தே செய்த மேஜை அது, இரண்டு ஆள் நீட்டிப் படுக்கலாம், நான் நிற்கிற பக்கத்து விளிம்பு என் தொப்பை உரசி உரசியே மெருகு ஏறிப்போனது. தைப்பது உட்கார்ந்து, வெட்டுவது நின்று, அதுதானே தையற்காரனின் வாழ்க்கை. தைக்கிறதைக்கூட யாரும் செய்துவிடலாம், வெட்டுகிறவனைத்தான் மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். நான் நின்று வெட்டிய மேஜையை உட்கார்ந்து வெட்டுகிற மேஜையாக்கினால் எனக்கு எப்படி இருக்கும் சொல். ரொம்ப நாள் அந்த அறைக்குள்ளேயே நான் போகவில்லை. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களின் சட்டைத் தோள்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

குட்டையாக்கியும் காரியம் ஆகவில்லை. நாற்காலியின் கைப்பிடி மேஜை விளிம்பில் முட்டி நிற்கும், எவ்வளவு எக்கினாலும் என் கை பாதி மேஜையைத் தாண்டாது, துணியை விரித்தால் அந்தப் பக்கத்தை வேறு யாராவதுதான் வெட்ட வேண்டும். உட்காருகிற இடத்தில் அரைவட்டமாக வெட்டிவிட்டால் அப்பா நாற்காலியோடு உள்ளே புகுந்துகொள்ளலாம் என்று அங்கே மரப்பட்டறையில் வேலை செய்கிற நீதான் போனில் அம்மாவுக்கு யோசனை சொன்னாய். அவள் மறுபடி தச்சரைக் கூப்பிட்டாள். அவர் பார்த்துவிட்டு, "வளைவு கைரம்பத்துல வராதுங்க, பட்டறைக்குக் கொண்டு வந்தா பெரிய மிஷின்ல வெட்டித் தரேன்" என்றார். மேஜைதான் அறைக்குள்ளேயே பிறந்ததாயிற்றே, வாசலில் எந்தப் பக்கம் சாய்த்தாலும் போகவில்லை. பிரித்துக் கொண்டுபோகலாமா என்றால், பழைய மரம், பிரித்தால் திரும்பச் சேராது, புதிதாக ஒன்று செய்துகொள்ளுங்கள் என்று நியாயமாகத்தான் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. "என் மேஜைல இனிமே யாரும் கை வைக்கக் கூடாது" என்று சத்தம் போட்டேன். அந்த அரைவட்டத்தை வெட்டிவிட்டால் நான் இனிமேல் எழுந்து நிற்கப் போவதில்லை என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும் என்று எனக்கு இருந்த பயத்தை நான் உன் அம்மாவிடம் சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அப்புறம்தான் நீ அனுப்பிய பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் மரத்தை வளைவாக அறுக்கிற ஜிக்சா மிஷின். உன் அம்மாவைப் பற்றி உனக்குத் தெரியும், கல்யாணமான நாளில் இருந்து என் தையல் மிஷினின் மோட்டாரைத் தொட்டதில்லை, "அது என் விரலைத் தின்னுடும்" என்று நூல் கோத்துக் கொடுப்பதற்குக்கூடப் பக்கத்தில் வர மாட்டாள், மிக்சியைக்கூட மூடியின் மேல் துணியைப் போட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் ஓட்டுவாள். அப்படிப்பட்டவள் அந்த மிஷினைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். லீவு நாள்தோறும் நீ போனில் அவளுக்குப் பாடம் எடுத்தாய் அல்லவா, அத்தனையையும் நான் கதவுக்கு இந்தப் பக்கம் பேப்பர் படிக்கிற பாவனையில் கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு செய்திகூட என் மண்டையில் ஏறவில்லை. முதல் பாடத்தில் நீ பிளக்கைச் சொருகவே விடவில்லை. வெறும் மிஷினைக் கையில் பிடித்து மரத்தின் மேல் கோடு நெடுக நடத்திப் பார்க்கச் சொன்னாய். "அம்மா, பிளேடு மாத்தறதா இருந்தா முதல்ல பிளக்கைப் புடுங்கு, சுவிட்ச அணைச்சா மட்டும் பத்தாது" என்றாய். வெட்டுகிற மரத்தை கிளாம்ப் போட்டு இறுக்காமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் அறுக்கவே கூடாது என்றாய். அவள் "சரிம்மா, சரிம்மா" என்று நீ சொன்னதையெல்லாம் திருப்பிச் சொன்ன குரலை நீ கேட்டிருப்பாய், உன் போன் திரையில் மரம்தான் தெரிந்திருக்கும், முகத்தை நான் கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன், பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் முகம். முதல் தடவை மிஷின் உறுமியபோது அவள் "ஐயோ" என்று விசையை விட்டுவிட்டாள். உனக்குக் கோபம் வரவில்லை. "விட்டது நல்லதும்மா, பயந்தா கைய எடுத்துடணும், அதுக்குத்தான் அந்த விசை" என்று நீ சொன்னாய் பார், அந்த இடத்தில் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன். நீ எனக்கு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்ததில்லை, ஆனால் சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெண்ணைப் பெற்றிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பல் ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க டிரில் சத்தம் கேட்டுப் பழகிய காது என்பதால் சத்தம் சீக்கிரமே அவளுக்குப் பழகிவிட்டது. பழைய அலமாரிப் பலகைகளில் நேர்கோடு வெட்டினாள், அது நன்றாக வந்தது. வளைவில்தான் சிக்கல். வேலையில் இருந்து வந்ததும் முகம் கழுவிவிட்டுப் பின்னறைக்குள் போய்விடுவாள், வளைவு வளைவாக வெட்டிப் போடுவாள், ஒவ்வொன்றும் எலி கடித்த ரொட்டி மாதிரி இருக்கும். ஒரு நாள் கதவு திறந்து கிடந்தது, நான் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். அவள் பலகையில் ஒரு வளைவு வரைந்திருந்தாள், அம்மாடி, அதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கோணல் வளைவைக் கண்டால் எனக்குக் கை நமைச்சல் எடுக்கும். "வளைவுன்னா இப்படியா இருக்கும், அங்கங்க முட்டு இருக்கு பாரு, மிஷின் என்ன பண்ணும், நீ வரைஞ்ச மாதிரிதான் அது போகும்" என்று சொல்லி, சட்டைப் பையில் இருந்த சாக்குக்கட்டியை எடுத்து, சட்டையில் கை பொருத்துகிற கைக்குழியை வெட்டுவதற்கு வளைக்கிற மாதிரி ஒரே இழுப்பில் ஒரு வளைவு போட்டேன். மிஷினையும் அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தேன். ஊசி ஏறி இறங்குவதைப் போலப் பிளேடு ஏறி இறங்குகிறது, துணியை அமுக்குகிற பாதத்தைப் போல அடியில் ஒரு தட்டு மரத்தோடு படிந்து உட்காருகிறது. "இது நம்ம தையல் மிஷினோட தங்கச்சிதானே, தள்ளாத, துணியத் தள்ளினா ஊசி ஒடியும், இதுவும் அப்படித்தான் இருக்கும், அது திங்கிற வேகத்துல விடு" என்றேன். "உங்க பொண்ணும் அதையேதான் சொன்னா" என்றாள். என் கோட்டின் மேலேயே வெட்டினாள். வழவழவென்று வந்தது. வெட்டின துண்டைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "அப்போ மேஜைலயும் நீங்களே வரைஞ்சு குடுத்துடுங்க" என்றாள். வசமாக மாட்டிக்கொண்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்று நாற்காலியைத் திருப்பினேன், திருப்பினவன் நேரே முன்னறைக்குத்தான் போனேன், ஏன் போனேன் என்று கேட்காதே.

மேஜையில் வரைவதற்கு அவள் என்னை நாற்காலியோடு விளிம்பில் நிறுத்தி, என் இடுப்பில் இருந்து இரண்டு பக்கமும் எவ்வளவு இடம் வேண்டும் என்று என் அளவு நாடாவாலேயே அளந்தாள். வாழ்நாளெல்லாம் ஊருக்கே அளவெடுத்த என்னை ஒருத்தி அளவெடுத்தது அதுதான் முதல் தடவை. "மூச்சை உள்ள இழுக்காதீங்க, தொப்பைக்கும் சேர்த்துத்தான் வெட்டணும்" என்றாள். நீ சொன்னபடி வெட்டுகிற இடம் நெடுகக் காகித டேப்பை ஒட்டினாள், பிளேடு மேல்நோக்கிக் கடிப்பதால் மேல்பக்கம் சிராய்ந்து போகும், டேப் இருந்தால் மரச்சிலாம்பு பெயராது என்று எனக்கு விளக்கம் வேறு. டேப்பின் மேல் நான் அரைவட்டம் போட்டேன். சாக்குக்கட்டியைக் கீழே வைத்த பிறகும் என் விரல் கோட்டின் மேலேயே இருந்தது, அவள் அதை மெதுவாக எடுத்து என் மடியில் வைத்தாள்.

வெட்டுகிற அன்றைக்கு மாடி வீட்டு போட்டோக்காரரும் வந்துவிட்டார், படம் எடுக்கிறேன் என்று. உன் அம்மா கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, வளையலையும் மோதிரத்தையும் கழற்றி வைத்து, தொளதொள கை இல்லாத என் பழைய சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டு, காதுக்கு மூடி, மூக்குக்கு முகமூடி, கண்ணுக்கு நீ அனுப்பிய பெரிய கண்ணாடி, ஆஸ்பத்திரி டாக்டரே பக்கத்தில் நின்றால் கம்பவுண்டர் மாதிரித்தான் தெரிவார். மேஜைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்து, குறுக்கே இருந்த இரும்புப் பட்டை ஒன்றைக் கழற்றினாள். கடைசியில் அரைவட்டத் துண்டு மடிந்து விழுந்தால் மரம் பிளந்துவிடும் அல்லவா, அதைத் தாங்குவதற்கு அடியில் ஒரு முக்காலியும் அதன் மேல் தலையணைகளும் வைத்தாள், அதுவும் பிளேடு போகிற பாதையில் இல்லாமல் நடு இடத்தில். போட்டோக்காரர் நல்ல மனிதர், "எதுக்குக்கா இவ்வளவு பாடு, நான் அடியில உக்காந்து கையால புடிச்சுக்கறேன்" என்றார். உன் அம்மா காது மூடியைத் தூக்கிவிட்டு, "தம்பி, மேல வெட்டறவளுக்குக் கீழ பிளேடு எங்க இருக்குன்னு தெரியாது, மேஜைக்கு அடியில யார் கையும் இருக்கக் கூடாது, என் பொண்ணோட உத்தரவு" என்றாள். அவர் உடனே சுவரோரமாகப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். மின்வயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டாள். பிளேடு மரத்தைத் தொடாமல் தட்டை மட்டும் விளிம்பில் வைத்து, மிஷினை ஓடவிட்டு, முழு வேகம் வந்த பிறகு மெதுவாக உள்ளே நுழைந்தாள். என் மேஜை முதல் தடவையாகச் சத்தம் போட்டது. எனக்கு என் காலை அறுத்தபோது மயக்க மருந்து கொடுத்தார்கள், இதற்குக் கொடுக்கவில்லை.

கொஞ்சம் தூரம் அழகாகப் போயிற்று. நான் ஆர்வத்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு கிட்டே போய்க் குனிந்து, கோட்டை விட்டு விலகுகிறாளா என்று பார்த்தேன். கழுத்தில் அளவு நாடா தொங்குவது எனக்கு எப்போது நினைவிருந்தது, அது என் தோலோடு ஒட்டிய தோல் ஆயிற்றே. அதன் நுனி மிஷினுக்கு ஒரு சாண் தூரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று சத்தம் நின்றது. விசையை விட்டுவிட்டாள். ஆனால் மிஷினைத் தூக்கவில்லை, பிளேடு முழுக்க நிற்கும்வரை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கண்ணாடியைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்து, "அந்த நாடாவக் கழட்டி வைங்க, இல்லன்னா ரூம விட்டு வெளிய போங்க, உங்க கழுத்தையும் சேர்த்து வெட்டறதுக்கு எனக்குச் சொல்லிக்குடுக்கல" என்றாள். இத்தனை வருஷத்தில் என் கடை அறையில் என்னை வெளியே போகச் சொன்னவர்கள் யாரும் இல்லை. கழற்றிக் கொடுத்தேன். போட்டோக்காரர் சிரிப்பை அடக்குவதற்குச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

மறுபடி தொடங்கினாள், அரைவட்டத்தின் வயிறு வரைக்கும் வந்துவிட்டாள், அங்கேதான் கிறீச்சென்று ஒரு சத்தம், மிஷின் துள்ளியது, எரிகிற வாசனை. நிறுத்து என்று கத்த வாயைத் திறந்தேன். அவள் விரல் அதற்கு முன்பே விசையை விட்டுவிட்டது. நிற்கும்வரை காத்திருந்தாள், பிளக்கைப் பிடுங்கினாள், அதன் பிறகுதான் குனிந்து பார்த்தாள். மரத்துக்குள் ஒரு தலையில்லாத ஆணி. என் வேலைதான், எப்போதோ கத்தரிக்கோல் மாட்டுவதற்கு அடித்து, தலை ஒடிந்து, மெழுகை வைத்து அடைத்துவிட்டு மறந்தே போனேன். நான் அவசரத்தில், "லேசா ஆட்டிவிட்டுத் தள்ளு, சின்ன ஆணிதான், தாண்டிடும்" என்றேன். "இது உங்க துணி இல்ல" என்றாள். போட்டோக்காரர் வளைந்த பிளேடை விரலால் பிடித்து உருவப் போனார், அவர் கையைத் தட்டிவிட்டாள், "சூடா இருக்கும் தம்பி, ஆறட்டும்". நாங்கள் மூன்று பேரும் ஒரு பிளேடு ஆறுவதற்காக உட்கார்ந்து காத்திருந்தோம், பாதி வெட்டிய மேஜை எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அந்த நேரத்தில்தான் எனக்கு உண்மையான பயம் வந்தது, இவளுக்கு இதற்கு மேல் தைரியம் வராவிட்டால் மேஜை அந்தப் பக்கமும் இல்லாமல் இந்தப் பக்கமும் இல்லாமல் போகுமே என்று. அவளிடம், "வேணாம்னா விட்டுடு, தச்சரக் கூப்பிட்டுக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னேன். அவள் குறடு ஒன்றை எடுத்து, மரத்தைக் கொஞ்சம் செதுக்கி, ஆணியை ஆட்டி ஆட்டிப் பல் பிடுங்குகிற மாதிரி பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தாள். "தினமும் பார்க்கறேன், நான் பிடுங்கினதுதான் இல்ல" என்றாள். புதுப் பிளேடைப் போட்டு, அது இறுகி இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் பிளக்கைச் சொருகினாள்.

கடைசி விரற்கடை வரும்போது அவள் இன்னும் மெதுவானாள், வேலை முடியப் போகிறது என்கிற அவசரத்தில்தான் கை போகும் என்று நீ சொன்னதை அவள் வாய்க்குள் முணுமுணுத்ததை முகமூடிக்கு மேலே அவள் கன்னம் அசைவதில் கண்டுபிடித்தேன். அரைவட்டத் துண்டு ஒரு சின்னப் பெருமூச்சோடு பிரிந்து தலையணையில் உட்கார்ந்தது. மரம் பிளக்கவில்லை, ஒரு சிலாம்புகூடப் பெயரவில்லை. விசையை விட்டு, நிற்கக் காத்திருந்து, பிளக்கைப் பிடுங்கி, மிஷினைப் பெட்டியில் வைத்து, காது மூடி, கண்ணாடி, முகமூடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்துவிட்டு, தண்ணீர் குடிக்கிறேன் என்று சமையலறைக்குப் போனாள். போனவள் வரவில்லை. நான் பின்னால் உருட்டிக்கொண்டு போனேன். மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள், தம்ளர் பாதி நிறைந்து அவள் கையில் நடுங்கிக்கொண்டிருந்தது, தண்ணீர் சட்டையெல்லாம் சிந்தியிருந்தது. வெட்டும்போது அசையாத கை. "இப்ப பாருங்க இத, இப்பத்தான் வெட்கமில்லாம ஆடுது" என்று சிரித்தாள், கண்ணில் நீர். அந்தத் தம்ளரை நான் வாங்கி அவள் வாயருகே பிடித்தேன். ஒரு வருஷமாக எனக்கு எல்லாவற்றையும் பிடித்தவள் அவள். குடித்துவிட்டு, "பொண்ணுகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன், என்ன செய்வாய்.

விளிம்பை அவள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், சோதனை மட்டும் என்னுடையது. மெல்லிய பட்டுத்துணி ஒன்றை விளிம்பு நெடுக இழுத்துப் பார்ப்பேன், ஒரு இழை மாட்டினாலும் "இங்க" என்பேன், அவள் மறுபடி தேய்ப்பாள். இரண்டு நாள் சாயங்காலம் இதே வேலை, சண்டையும் சிரிப்புமாக. துணி தண்ணீர்போல வழுக்கிக்கொண்டு போன பிறகு அவள் என் நாற்காலியைப் பின்னால் இருந்து தள்ளவில்லை, "நீங்களே போங்க" என்றாள். நான் போனேன். மேஜை இரண்டு பக்கமும் என்னைத் தாண்டிப் போயிற்று, கையை நீட்டினேன், அந்தப் பக்கத்து விளிம்பு விரலில் தட்டியது. நின்று வெட்டியபோதுகூட எனக்கு அது இவ்வளவு கிட்டத்தில் இருந்ததில்லை. நிற்க முடியவில்லையே என்கிற நினைப்பு அன்றைக்குத்தான் என்னை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது, முழுக்கப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

நம் பஸ் டிரைவர் நினைவிருக்கிறதா, ஒரு தோள் தாழ்ந்தவர், வேறு எவர் தைத்தாலும் சட்டை அவர்மேல் சாய்ந்த விளம்பரப் பலகை மாதிரி நிற்கும் என்பாயே, அவர்தான் முதலில் வந்தார். நான் படுத்த நாளில் இருந்து கோட்டுத் துணியை வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்தாராம். துணியை விரித்தேன், கத்தரிக்கோல் ஓடிற்று வாலு, இந்த முனையில் நுழைந்து அந்த முனையில் வெளியே வந்தது, நடுவில் யாரையும் நான் கூப்பிடவில்லை. டிரைவர் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "மாஸ்டர், மேஜை உங்களக் கட்டிப் புடிச்சுக்கிட்ட மாதிரி இருக்கே, எந்தப் பட்டறை வேலை" என்று கேட்டார். "பட்டறை பின்னறைல இருக்கு, வெட்டினது என் வீட்டுக்காரி, அவளுக்குச் சொல்லிக்குடுத்தது என் பொண்ணு" என்றேன். அதை அவரிடம் மட்டும் சொல்லவில்லை, பட்டன் வாங்க வந்தவரிடம், தபால்காரரிடம், வழி கேட்டு ஜன்னலை எட்டிப் பார்த்த ஒருவரிடம் என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று, பாவம், அந்தக் கடைசி ஆள் எங்கே போகவேண்டும் என்பதையே மறந்திருப்பார். தச்சரும் வந்தார். குனிந்து விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்து, ஆணி இருந்த இடத்தில் மட்டும் நூலளவு அலை இருக்கிறது என்று கண்டுபிடித்தார், தொழில் தெரிந்த கை. "மத்தபடி நான் வெட்டினாலும் இப்படித்தான் வரும்" என்று மனசாரச் சொல்லிவிட்டு, ஒரு நாளைக்கு மிஷினை இரவல் தர முடியுமா என்று கேட்டார். உன் அம்மா மிஷினோடு சேர்த்துக் கண்ணாடியையும் அவர் கையில் வைத்து, "இது ரெண்டும் சேர்ந்தேதான் போகும், சேர்ந்தேதான் திரும்பி வரணும்" என்றாள். இப்போது பல் ஆஸ்பத்திரி டாக்டர் தன் வீட்டு நாய்க்குக் கதவில் ஒரு வழி வெட்டித் தரச் சொல்லியிருக்கிறாராம், இவள் டோக்கன் போட்டு வரச் சொல்லியிருப்பாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கெல்லாம் மிஷினைப் பாதுகாப்பாகக் கையாளச் சொல்லிக்கொடுக்கிற பொறுப்பை உனக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னாய், சந்தோஷத்தோடு சந்தோஷமாக, அத்தனை பேர் முன்னால் நின்று பேசுவதற்குப் பயமாக இருக்கிறது என்றும் சொன்னாய். எதற்குப் பயம். மிக்சிக்கே முகத்தைத் திருப்புகிறவளுக்கு, கடல் தாண்டி இருந்துகொண்டு, ஒரு போன் திரை வழியாக நீ சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அவள் ஒரு மேஜையை வெட்டி, ஒரு மனுஷனை வேலைக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, பத்து விரலோடு சமையலறைக்குள் போனாள். இதற்கு மேல் உனக்கு என்ன சான்றிதழ் வேண்டும். உன் முன்னால் நிற்கப் போகிறவர்கள் உன் அம்மாவை விடப் பயந்தவர்களாக இருக்க முடியாது. அவர்கள் வீட்டிலும் யாரோ ஒருத்தர் அவர்கள் முழுசாகத் திரும்பி வருவதற்காகக் காத்திருப்பார்கள், அதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு பேசு, வார்த்தை தானாக வரும். யாராவது பயந்து விசையை விட்டால், அன்றைக்கு அம்மாவுக்குச் சொன்னதையே சொல்.

உடம்பைப் பார்த்துக்கொள். நின்றுகொண்டே சாப்பிடாதே, நின்று சாப்பிட்டால் உடம்பில் ஒட்டாது என்று அம்மா சொல்லச் சொல்வாள், அதனால் அவள் சொல்வதற்கு முன்பே எழுதிவிட்டேன். கண்ணும் விரலும் குறையாமல், கை தொட்ட காரியமெல்லாம் துலங்கி, நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் அம்மாவும் மனதார வாழ்த்துகிறோம். ஒரு நினைவூட்டல் மட்டும். போன வாரம் நீ பட்டறையில் நிற்கிற படம் ஒன்றை அனுப்பினாயே, அழகான படம், நான் அதைத்தான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தேன். நேற்று உன் அம்மா அதை வாங்கி, பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்துவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தாள். நானும் பார்த்தேன். கையில் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது, மரத்தூள் பறக்கிறது, கண்ணாடி உன் நெற்றியில் இருக்கிறது. கண்ணுக்கு இறக்கிக்கொள் கண்ணு. இங்கே உன் அம்மா நீ சொன்னால் மட்டும்தான் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன்னை நினைத்து ஊரையே நச்சரித்துக்கொண்டிருக்கும்
உன் அப்பா